திருஷ்டி முகம்

ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்ட் நாட்டு முந்திரிக் கிடங்கில் வேலை பார்த்த தனவேல், தனக்கு முன்பே ஊருக்கு அனுப்பிய பெட்டியில் ஒரு மரமுகம் இருந்தது. கட்டி முடியாத மாடிக்குத் திருஷ்டி பொம்மை என்று நினைத்து, அவன் மனைவி அஞ்சலாட்சி அதை வெளியே தொங்கவிட்டிருந்தாள். ஒன்பது வருடம் கழித்து வந்திறங்கியவன் வீட்டைப் பார்க்கவில்லை. அதைத்தான் பார்த்தான்.

“இதையா கட்டி வச்ச? அங்க சடங்குல முகத்துல மாட்டிக்கிட்டு ஆடுறது இது. ரொம்பப் பழசு.”

“பல்லும் நாக்கும் இல்லாத பொம்மைக்கு எந்தக் கண்ணு பயப்படும்னு கொத்தனார்கூடக் கேட்டாரு. நீங்க அனுப்புனதாச்சேன்னு கட்டுனேன்.”

ஏணி வைத்து அவிழ்த்து வந்து அவளிடம் கொடுத்தான். வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது. உட்பக்கம், யார் யாருடைய நெற்றி வியர்வையிலோ ஊறி, வழவழவென்று கறுத்திருந்தது. அஞ்சலாட்சி அதைத் தன் முகத்தில் பொருத்திக்கொண்டாள். கண்துளைகளில் தெரு தெரியவில்லை, வீடு தெரியவில்லை. அவன் மட்டும் தெரிந்தான்.

“அங்க உங்களுக்கு யாரு சோறு வடிச்சா?”

ஒன்பது வருடமாகப் போனில் கேட்காத கேள்வி. மரத்துக்குள்ளிருந்து வந்ததால் அது அவள் குரலாகவே இல்லை.

தனவேல் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த முகத்திடம் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னான்.