பக்கத்து மனை நாற்றம்

நாற்றுப் பண்ணை வைக்க டீச்சர் வாங்கிப் போட்டிருந்த மனையை லாரி ஷெட் முதலாளி விலைக்குக் கேட்டது ஒரே ஒரு முறைதான். அவள் தர மாட்டேன் என்றாள். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. மதில் சுவரில் ஒரு துளை போட்டு, எஞ்சின் கழுவிய டீசலையெல்லாம் அந்தப் பக்கம் வடியவிட்டார்.

மனை கறுத்துப் போனது. வைத்த கன்றுகள் கருகின. புகாரை விசாரிக்க வந்த அதிகாரி தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். முதலாளி நல்ல பிள்ளையாகத் துளையை அடைத்தார்.

டீச்சர் அப்போதும் மசியவில்லை. சரி, குப்பைக்கு எவன் கேஸ் போடுவான் என்று, சந்தையில் அழுகிய காய்கறியை லாரியில் அள்ளி வந்து அங்கே கொட்டினார் முதலாளி.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள் டீச்சர். அதைப் பார்க்கவே அவருக்கு வயிறு குளிர்ந்தது.

"அண்ணே, இதையாவது பொறுத்துக்கிறேன். கோழிப்பண்ணைக் கழிவை மட்டும் கொட்டிடாதீங்க. குடலைப் புரட்டும்."

அவருக்கே தோன்றாத யோசனை. மறுநாளே கோழி எச்சம் வந்து இறங்கியது.

கிளறினால் நாற்றம் கிளம்பும் என்று அடுத்த தடவை கெஞ்சினாள். வாரம் தவறாமல் டிராக்டர் விட்டுக் கிளறினார். தண்ணீர் பட்டால் இன்னும் மோசம் என்று புலம்பினாள். லாரி கழுவுகிற குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

பாவம், விட்டுவிடக் கூடாதா என்றாள் மனைவி.

"படிச்சவளாம் படிச்சவ. எது தனக்கு ஆகாதுன்னு அவளே வந்து சொல்லிட்டுப் போறா" என்று சிரித்தார்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒரு காலை டீச்சர் கைக்குட்டை இல்லாமல் வந்தாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய விலையில் பாதியைச் சொன்னார்.

விற்க வரவில்லை, இனிமேல் குப்பை வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன் என்றாள். நாளைக்குக் கன்று வைக்கிறாளாம்.

"டீசல் ஊறின மண்ணுல என்னத்த முளைக்கும்?" என்றார் இளக்காரமாக.

"டீசலைத் தின்னுற பாக்டீரியா அந்த மண்ணுலயே இருக்குண்ணே. அழுகினதும் எருவும் போட்டு, தண்ணி விட்டு, கிளறிக் காத்து காட்டினா போதும், தின்னு தீர்த்துடும்" என்றாள் டீச்சர். "என்கிட்ட லாரியும் இல்ல, டிராக்டரும் இல்ல. அதான் உங்ககிட்ட வந்து அழுதேன்."