நாலாவது வேண்டாம்

நேர்மைக்கு விலை கிடையாது என்பார்கள். தெஹ்ரானில், சியாமக்கின் கம்ப்யூட்டர் கடையில், அன்று காலை அதற்கு விலை இருந்தது: எண்பது லட்சம் தோமான். இருப்பதிலேயே உசத்தியான கிராபிக்ஸ் கார்டுக்கும் அதற்கு அடுத்த படியில் இருந்ததற்கும் உள்ள வித்தியாசம் அது.

“அது வேண்டாம் ஹாஜி,” என்று பெரியவர் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தான் சியாமக். “உங்க பையனோட மானிட்டருக்கு இந்தச் சின்னதே தாராளம். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போங்க.”

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இவனுக்குக் காய்ச்சலோ என்று நினைத்திருப்பார். இரண்டு வருடமாகத் தூசி படிந்து கிடக்கும் கார்டையும் ‘நேத்துதான் வந்து இறங்கிச்சு’ என்று தலையில் கட்டி அனுப்புகிற பிள்ளை அவன்.

காய்ச்சல்தான். பெயர் நெகார். முதல் நாள் மாலை போனில் சொல்லியிருந்தாள்: வியாபாரிக்கெல்லாம் பெண் கொடுப்பதா என்று அப்பா முறுக்கிக்கொண்டு நிற்கிறார். நாளைக்கு வாடிக்கையாளர் மாதிரி வந்து உன்னை ஆழம் பார்க்கப் போகிறார். நரைத்த மீசை. பெயர் சொல்ல மாட்டார். அவர் தலையசைத்தால் வியாழக்கிழமை நீ பூங்கொத்தோடு பெண் கேட்க வரலாம். இல்லாவிட்டால் பல் டாக்டரான அத்தை மகன் வருவான். அப்பா சர்க்கரை வியாதிக்காரர், டீ கொடுக்கும்போது கவனம் என்று சொல்லும்போதே யாரோ வந்துவிட, போனை வைத்துவிட்டாள்.

கடை திறந்த கையோடு நரைத்த மீசை ஒன்று வந்து உட்கார்ந்தது. மகன் பகலெல்லாம் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறான், ராத்திரியானால் விளையாடுகிறான், இரண்டுக்கும் தாங்குகிற மாதிரி ஒன்று பூட்டிக் கொடு என்றது. நெகாருக்கு ஒரு தம்பி இருப்பது சியாமக்குக்குத் தெரியும். மரியாதைக்குப் பெயர் கேட்டான். பேரெதற்கு, பெட்டி மேலேயா எழுதப்போகிறாய் என்று வந்தது பதில்.

சியாமக் சர்க்கரைக் கிண்ணத்தைக் காலால் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, டீயை மட்டும் நீட்டினான்.

பெரியவர் சர்க்கரைக் கட்டியைத் தேடினார். தீர்ந்துபோச்சு என்றான். அவர் முகத்தைச் சுளித்து, கோட்டுப் பையிலிருந்து சொந்தக் கட்டி இரண்டை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு டீயை உறிஞ்சினார். வீட்டில் காவல் அதிகம் போலிருக்கிறது, பாவம் என்று, ஒரு மருமகனுக்குரிய நாகரிகத்தோடு சியாமக் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

உள்ளே வண்ண விளக்கு எரிகிற பெட்டியைப் பெரியவர் ஆசையாகத் தடவினார். விளக்கு எரிந்தால் வேகம் கூடாது என்று அதையும் தள்ளிவைத்தான். அந்தக் காசில் ரேமை இரண்டு மடங்காக்கினான். வீடியோ வேலைக்கு அதுதான் முக்கியம் என்றான். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊருக்கு மட்டமான பவர் சப்ளை ஆகாது என்று நல்லதாக ஒன்றைப் போட்டான். பிராசசரை மாட்டும்போது அதில் தனக்கு லாபம் எவ்வளவு என்பதையும் கேட்காமலே சொன்னான். அந்த அங்காடி கட்டப்பட்ட நாளிலிருந்து எவரும் செய்யாத காரியம் அது.

“நீ நிஜமாவே இந்தக் கடைக்காரன்தானா?” என்றார் பெரியவர்.

பூட்டி, ஓட்டிக் காட்டி, பெட்டி கட்டியாயிற்று. பெரியவர் வங்கி அட்டையை நீட்டி, எல்லாரையும்போல ரகசிய எண்ணையும் சத்தமாகச் சொன்னார். சியாமக், “இருக்கட்டும் ஹாஜி, உங்களுக்கு முன்னால இதெல்லாம் ஒரு பொருளா?” என்றான்.

அந்த ஊரில் ரொட்டிக்கடையிலும் மரியாதைக்குச் சொல்வதுதான். கடைக்காரர் மூன்று முறை வேண்டாம் என்பார். வந்தவர் மூன்று முறை வற்புறுத்துவார். அப்புறம் அட்டை இயந்திரத்தில் இழுபடும். இங்கேயும் மூன்று வேண்டாம் முடிந்தது, மூன்று வற்புறுத்தல் முடிந்தது. இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

கண்டவனுக்கும் மூன்று, மாமனாருக்கும் மூன்றா என்று தோன்றிவிட்டது சியாமக்குக்கு. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

“வேண்டாம் ஹாஜி. உங்க பிள்ளைக்கு நான் செஞ்சதா இருக்கட்டும்.”

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அட்டையைப் பைக்குள் போட்டார். “உன் கை வலிக்காம இருக்கட்டும் தம்பி,” என்றார். பெட்டி, சுமைக்காரரின் தள்ளுவண்டியில் ஏறி லிஃப்டுக்குள் போய் மறைந்தது.

லிஃப்ட் கதவு மூடியதும் சியாமக் கல்லாவுக்குத் திரும்பினான். வியாபாரி அல்லவா, மனசுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தான். பற்று, ஒரு கம்ப்யூட்டர். அதுவும் மச்சான் அறையில்தான் இருக்கப்போகிறது. வரவு, நெகார். கணக்கு நேராகிவிட்டது. பல் டாக்டர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு கிடக்கட்டும்.

சீட்டியடித்தபடி சர்க்கரைக் கிண்ணத்தை மேசைமேல் எடுத்து வைத்தான். அந்த நேரம் இன்னொரு பெரியவர் உள்ளே வந்து, ஒரு கம்ப்யூட்டர் பார்க்கணும் என்றார். நல்ல மனநிலையில் இருந்த சியாமக் அவருக்கும் டீ ஊற்றிக் கொடுத்து, கிண்ணத்தையும் அவர் பக்கம் நகர்த்தினான்.

அவர் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டே கிண்ணத்தைத் திருப்பித் தள்ளினார்.

“சர்க்கரை வேண்டாம் தம்பி. எனக்கு ஆகாது.”