முன்பக்கம் பத்திரம்

"பைய வே, பைய. மூக்கு இடிச்சிரும்."

பூதலிங்கம் இதை எத்தனையாவது தடவை சொல்கிறார் என்று பலவேசத்துக்குத் தெரியவில்லை. அவன் இன்னும் வண்டியைத் தொடவே இல்லை.

தச்சநல்லூர் தாண்டி, நாற்கரச் சாலை ஓரத்தில் நின்றுபோன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இடுப்பளவு உயரம்கூட இல்லை. தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழைந்தால் பெரிய விஷயம்.

"இதைக் கட்டி இழுக்கப்படாது அண்ணாச்சி. முன்னால தூக்கினா பின்னால உரசும். அப்படியே தட்டுல ஏத்திருவோம். நான் பாத்துக்கிடுதேன், நீங்க பதறாதீங்க."

பழுதாகி நிற்கும் வண்டிகளை ஏற்றிப்போகும் தன் லாரியின் தட்டைச் சாய்த்து இறக்கினான். அப்போதும் சரிவு அதிகம்தான். பலகைகளை அடியில் போட்டு இன்னும் தணித்தான்.

"பைய வே."

"அண்ணாச்சி, எம் பொண்டாட்டி பிள்ளைத்தாச்சியா இருந்தப்பகூட நான் இவ்வளவு பைய கூட்டிட்டுப் போகல."

பூதலிங்கத்தின் மனைவி கோமு சிரிக்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, காரின் முன்னால், அதற்கும் காற்றுக்கும் நடுவே நின்றிருந்தார். ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது.

"முன்பக்கத்தை மட்டும் பாத்துக்கிடுங்க தம்பி."

"எல்லாப் பக்கமும் பாத்துக்கிடுதேம்மா."

"இல்ல. முன்பக்கம்."

பலவேசம் பூதலிங்கத்தின் பக்கம் திரும்பினான். "வண்டி யாருது அண்ணாச்சி? நீங்க ஓட்டுத வண்டி மாதிரி இல்லையே."

"மகன் வண்டி. நின்னே கிடந்தா வீணாப் போயிரும்னு இன்னைக்குத்தான் ரோட்டுல எடுத்தேன். பாளையங்கோட்டையில இருந்து இவ்வளவு தூரம் வந்து நின்னுட்டு."

"அவரு எங்க இருக்காரு?"

"வெளியூர்ல" என்றார் பூதலிங்கம். கோமு ரோட்டைப் பார்த்தார்.

"ஒரு கீறல் விழுந்துச்சுன்னா வந்து உங்களைத் தொலைச்சிருவாரு போல."

"வந்து திட்டட்டும் வே." பூதலிங்கம் கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னார். "வந்து திட்டட்டும்."

செல்லம் கொடுத்துக் கெடுக்கிற அப்பா என்று பலவேசம் நினைத்துக்கொண்டான்.

ஒரு டேங்கர் லாரி உரசுகிற மாதிரி கடந்து போனது. கோமுவின் சேலை பறந்தது.

"அம்மா, நீங்க அந்தத் தடுப்புக் கம்பிக்கு அங்கிட்டுப் போயி நில்லுங்க. இங்கன நின்னா எனக்கு வேலை ஓடாது."

மனமில்லாமல் போனார். போகிற போக்கிலும் திரும்பி, "முன்பக்கம்" என்றார்.

பூதலிங்கத்தைப் பின்னால் அனுப்பினான். புகைக்குழாய் தரையில் தட்டுகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அவர் பேண்டில் மண் அப்புவதைப் பார்க்காமல் மண்டியிட்டுக் குனிந்தார்.

முன்னால் பலவேசம் மட்டும் நின்றான்.

காரைத் தட்டில் இழுத்து ஏற்றும்போது லாரியின் இழுவைக் கம்பி எம்பி அடித்தால் பெயிண்ட் போய்விடும். அதனால் முதலில் காரின் மூக்கைக் கம்பளியால் மூட வேண்டும். கம்பளிக்கு அடியில் மண் இருந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.

அப்போதுதான் கவனித்தான்.

வண்டி முழுக்கக் கண்ணாடியாக மினுங்கியது. முன்பக்கத்தில் ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் தண்ணீரே படாமல் கிடந்தது. காய்ந்த சந்தனம், மூன்று கோடுகள். கீழ்க்கோடு கோணல். மேலெல்லாம் தூசி.

பெரியவர் கழுவும்போது இந்த இடம் விட்டுப்போச்சு போல. அந்த அம்மா இதைத்தான் அத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

புதுப் பனியன் துணி ஒன்றை எடுத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி நனைத்தான். தேய்க்கவில்லை. ஊறவிட்டு, ஒரே பக்கமாக, தூங்குகிற பிள்ளையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி ஒற்றி எடுத்தான். சிவப்பு பளிச்சென்று வந்தது.

துணியை லாரிப் படியில் வைத்தான். அதன் ஒரு ஓரம் மஞ்சளாகியிருந்தது.

கார் சத்தமில்லாமல் ஏறி நின்றது. மூக்கு இடிக்கவில்லை, பின்னால் உரசவில்லை. சக்கரங்களுக்கு மட்டும் பட்டை போட்டு இறுக்கிவிட்டுக் கம்பளியை உருவினான்.

"வந்து பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. பொட்டுக் கீறல் கிடையாது. முன்னால சந்தனம் அப்பிக் கிடந்துச்சு, அதையும் பதமா எடுத்து விட்டுட்டேன்."

பூதலிங்கம் லாரியின் பக்கவாட்டில் எம்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூன்று விரல்களை நீட்டி அந்த இடத்தில் வைத்தார். துடைத்த ஈரம் அதற்குள் காய்ந்திருந்தது.

கோமு தடுப்புக் கம்பியைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

"நல்லா ஏத்தியிருக்கீரு வே. எங்கயும் சேதம் இல்ல" என்றார் பூதலிங்கம்.

பிறகு, மனைவி கிட்டே வருவதற்குள் சொல்லிவிட நினைத்தவர்போல், தாழ்ந்த குரலில் சொன்னார். "கணேஷ்ராம் போன ஆயுத பூசைக்கு விரலால இழுத்தது. சின்ன வயசுல மோதிர விரலை உடைச்சுக்கிட்டான். கீழ்க்கோடு அவனுக்கு நேரா வராது."

"அதுக்கென்ன அண்ணாச்சி, இந்தப் பூசைக்கு வந்து மறுபடியும்..."

"தையில தவறிட்டான் வே."

கோமு வந்துவிட்டார். காரை ஒரு தடவை பார்த்தார்.

என்ன செய்வதென்று தெரியாமல் பலவேசம் படியில் கிடந்த துணியை எடுத்தான். கை தன்பாட்டுக்கு அதை முறுக்கப் போனது.

கோமு கையை நீட்டினார்.

"அழுக்குத் துணிம்மா."

"பிழியாம குடுங்க" என்றார்.