நேராகாத கோடு

பச்சைக் குழந்தைகளுக்கான சூட்டு மெத்தையின் சர்க்யூட் படத்தில் ஒரு கோடு மட்டும் அடங்கவில்லை. அதைத் தேர்ந்தெடுத்து, மூலையைப் பிடித்து இழுத்தால் நேராகும். ஃபைலை மூடித் திறந்தால் ஒரு வெற்றிடத்தைச் சுற்றி மறுபடி வளைந்திருக்கும்.

அங்கே முன்பு ஃபியூஸ் இருந்தது. சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். செலவு மிச்சமென்று மேனேஜர் அதை எடுக்கச் சொன்னார். மறுத்த அக்காவை, எனக்கு முன் இந்தப் படத்தை வரைந்தவளை, வேலையை விட்டே துரத்தினார். கேட்க நாதியில்லை. அவள் நாற்காலியில் இப்போது நான்.

"கையில வெண்ணெயா தடவியிருக்க? மதியத்துக்குள்ள நேராக்கு. இல்லன்னா நாளைக்கு வராத" என்றார் மேனேஜர்.

"நீங்களே இழுங்க சார்."

இழுத்தார். நேரானது. "பாத்தியா?" என்று பிரிண்ட் எடுத்தார். தாளில் கோடு வளைந்தே வந்தது. வளைவுக்குள் இருந்த வெள்ளை இடத்தில் விரல் வைத்தவர், "ஆ" என்று கையை உதறினார். நானும் தொட்டேன். தாள் முழுக்கச் சில்லென்றிருந்தது. அந்த இடம் மட்டும் சுட்டது.

"ஃபியூஸைத் திரும்பப் போட்டுடட்டுமா சார்?"

அவர் விரல் நுனி கொப்புளித்திருந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு மறு கையால் திரையைக் காட்டினார்.

"நேராக்குடா."