மேசை மணி

கூட்டத்தைத் தொடங்க மணியைத் தட்டப்போன தலைவர் அத்தாவுல்லா, படியேறி உள்ளே வந்த ஆளைப் பார்த்ததும் விரலை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

வந்தவர் அப்துல் வஹாப்.

ரங்கூன் தமிழ் வர்த்தகர் சங்கம் அப்போது ரங்கூனில் இல்லை. ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிரே, ஒரு கயிற்றுக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஜப்பான்காரன் போட்ட குண்டில் எல்லோரும் சிதறி ஓடிவந்து, யுத்தமும் முடிந்து, அடுத்த வருஷம் பிறந்திருந்தது. அங்கே அரிசி ஆலை வைத்திருந்த கிருஷ்ணப்பன் இங்கே பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்தில் கரி அள்ளினார். பெரிய ஜவுளிக்கடைக்காரரான பொன்னுரங்கம் வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் தோளில் மூட்டை சுமந்து துணி விற்றார். மற்றவர்கள் கதையும் இதே லட்சணம்தான்.

ஆனாலும் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை யாரும் கூட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. வராவிட்டால் மறுநாள் காலையில் அத்தாவுல்லா வாசலில் வந்து நிற்பார். காய்ச்சல் என்றால் மருந்து வாங்கித் தருவார். சோம்பல் என்றால் லேசில் விடமாட்டார். வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று சந்து சந்தாக அலைந்து, உதிர்ந்துபோன சங்கத்தைப் பொறுக்கிச் சேர்த்தவரே அவர்தான்.

ரங்கூன் வழக்கங்களில் ஒன்றைக்கூட அவர் தளர்த்தவில்லை. சட்டை கந்தலாக இருக்கலாம், கழுத்துப் பொத்தான் போட்டிருக்க வேண்டும். தலைவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும், அவர் உட்காரும்வரை யாரும் உட்காரக் கூடாது. இத்தனை கறாராக இருந்தவர், தான் மட்டும் தலைவர் நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருவார்.

மணியும் ரங்கூன் மணிதான். மலைக்காட்டு வழியாக நடந்து வந்தபோது மற்றவர்கள் மடியில் நகையைக் கட்டிக்கொண்டார்கள். அத்தாவுல்லா இந்தப் பித்தளை மணியைக் கட்டிக்கொண்டார். கிறுக்கு என்றார்கள். பழைய தலைவர் அந்த வழியிலேயே கண்ணை மூடிவிட்டார்.

முறைப்படி பார்த்தால், அவருக்குப் பிறகு நாற்காலி துணைத்தலைவருக்கு. துணைத்தலைவர், இப்போது வாசலில் நின்ற இதே வஹாப். குண்டு விழுந்த வாரமே யாரிடமும் மூச்சுவிடாமல், குடும்பத்தோடும் சரக்கோடும் கப்பலேறிவிட்ட புண்ணியவான். மண்ணடியில் இருந்துகொண்டே இத்தனை நாளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இன்றைக்கு ஏன் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். நாளைக் காலையில் சங்கத் தலைவர் துறைமுகத்தில் அதிகாரியைப் பார்க்க வேண்டும். ரங்கூனுக்குத் திரும்பும் முதல் கப்பலில், தலைவர் கைகாட்டுகிற ஆட்களுக்குத்தான் இடம். வஹாப் தலைவரானால் அவருடைய மச்சான்களும் மருமகன்களும் ஏறிப் போவார்கள். கிருஷ்ணப்பன் கரி அள்ளிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

அத்தாவுல்லா பயந்தார். கிருஷ்ணப்பனுக்காகவும் பயந்தார், நாற்காலி போய்விடுமே என்றும் பயந்தார். வஹாப் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யாகவும் இருக்காது.

வஹாப் ஒரு நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப்போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, இது இன்னும் இருக்கா?"

கையை நீட்டி அதை இரண்டு முறை தட்டினார்.

அத்தாவுல்லா எழுந்துவிட்டார்.

கால்கள் அவரைக் கேட்கவில்லை. கை தன் பாட்டுக்குத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போயிருந்தது.

ரங்கூன் சங்கத்தில் மணி ஒரு முறை அடித்தால் கூட்டம் ஆரம்பம். இரண்டு முறை அடித்தால் தேநீர். அந்த இரண்டாவது ஓசை அடங்குவதற்குள் அடுக்களையிலிருந்து தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வருஷக் கணக்காக ஓடி வந்தவர் அத்தாவுல்லா. அந்த அறையில் இருந்த எல்லோரும் அவர் கையால் வாங்கிக் குடித்தவர்கள்தான்.

வஹாப் சிரித்தார். சொல்ல வந்த வார்த்தையை அந்தச் சிரிப்பே சொல்லிவிட்டது.

அத்தாவுல்லாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இடுப்புத் துண்டைப் பிடித்தபடி நின்றார். அவமானத்தில் காது சுட்டது.

பெஞ்சு கிறீச்சிட்டது.

கிருஷ்ணப்பன் எழுந்து நின்றார். கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பொன்னுரங்கமும் எழுந்தார். பின்வரிசை முழுக்க எழுந்தது. ஒருவரும் வஹாபைப் பார்க்கவில்லை. தலைவரையே பார்த்தபடி நின்றார்கள்.

உட்கார்ந்திருந்தது வஹாப் ஒருவர்தான். எதிரே ஸ்டேஷனிலிருந்து ஒரு ரயில் கிளம்பிப் போய் ஓய்கிறவரை அவர் உட்கார்ந்தே பார்த்தார். யாரும் அசையவில்லை. சிரிப்பு தானாகவே போய்விட்டது. மெதுவாக அவரும் எழுந்தார்.

"குந்துங்க தலீவரே," என்றார் பொன்னுரங்கம். "நீங்க குந்துனாத்தானே நாங்க குந்த முடியும்? நாளைக்கு ஹார்பர்ல இன்னா பேசப் போறீங்க, சொல்லுங்க."

அத்தாவுல்லா உட்கார்ந்தார். இந்த முறை முதுகு நாற்காலியில் படும்படி நன்றாகவே உட்கார்ந்தார்.

மணியை ஒரு முறை தட்டினார்.