கொடியில் ஒரு வேட்டி

விதவை உதவித்தொகையின் வருடாந்திர ஆய்வுக்காக நலத்துறை இயந்திரம் வாசலில் வந்து நின்றதும், பேச்சியம்மாள் பழக்கதோஷத்தில் கொடியில் காய்ந்த வேட்டியை உருவப் போனாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சட்டமன்றம் இயற்றாத விதி எதையும் துறை தன்னிஷ்டத்துக்குச் சேர்க்கக் கூடாதென்று தீர்ப்பு வந்துவிட்டதே! வேட்டியை அப்படியே விட்டாள்.

இயந்திரத்தின் கண் வேட்டிமேல் போய் நின்றது. "இந்த வீட்டில் ஆண் துணை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டது. "மன்னிக்கவும். இந்தக் கேள்வி சட்டத்தில் இல்லை."

போன வருஷம்வரை இதே கேள்விக்குப் பயந்துதான், அவளோடு வாழும் சுடலைமுத்து ஆய்வு முடியும்வரை குளியலறையில் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துறை தானாக எழுதிக்கொண்ட விதி அது. அவர் அகப்பட்டால் உதவித்தொகை நின்றுவிடும்.

"சட்டப்படி ஒரே கேள்விதான். நீங்கள் உயிருடன் இருக்கிறீர்களா?"

பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே திரும்பிக் கூவினாள்: "ஏங்க, நான் உசுரோட இருக்கேனான்னு கேக்குது!"

அடுப்படியிலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி சுடலைமுத்துவின் குரல் வந்தது:

"செத்தவளா காலையில இருந்து என்னைய இந்த ஏச்சு ஏசுதா? கேளு அதுகிட்ட!"