பழைய எஞ்சினே போதும்

"பழைய எஞ்சினையே திரும்பப் போட்டுக் குடுத்துருங்க நானா."

பொனெட்டுக்குள் விட்டிருந்த தலையை சரிபுதீன் நானா வெளியே எடுத்தார். தலவாக்கலையில் கராஜ் போட்ட நாளிலிருந்து, வண்டி பெற்றோல் குடிக்கிறது, குறைத்துக் கொடுங்கள் என்று வந்தவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். குடிக்கிற எஞ்சினே வேண்டும் என்று வந்து நிற்கிற முதல் ஆள் இந்தப் பிரதாப்தான்.

"என்ன தம்பி செல்றீங்க? புதுசுல ஏதும் கோளாறா?"

"இல்லீங்க. நல்லா ஓடுது."

"லீட்டருக்கு எவ்வளவு குடுக்குது?"

"பன்னெண்டு."

"பழசு ஆறு குடுக்கவே அழும். மறந்துட்டீங்களா?"

பிரதாப் மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்த பழைய எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரிபுதீனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? ஜப்பானில் பாவித்த நல்ல எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்தக் கிழட்டு பிக்கப்புக்குள் அளவு பார்த்து இறக்கியவர் அவர். அதைப் பார்க்கவென்றே ஹட்டனிலிருந்து ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். இவன் என்னடா என்றால், கடையில் வாங்கிய சட்டையை மாற்றித் தா என்பது போல் வந்து நிற்கிறான்.

"முதல் சர்வீஸுக்கும் நீங்க வரல்ல."

"வண்டி கையில இல்லீங்க. நேத்துத்தான் கெடச்சிச்சு."

"இரவல் குடுத்தீங்களாக்கும். சரி, எஞ்சின் ஏன் மாத்தினோம்னு ஞாபகம் இரிக்கா? லீக்ஸ் மூட்டை ஏத்தி வர்ற காசெல்லாம் பெற்றோல் ஷெட்டுலயே போகுது, பிரேமினி தங்கச்சி குவைத்துக்குப் போகப் பாஸ்போட் எடுத்துட்டா, அவ போயிட்டா பாப்பா தாயில்லாமத் தவிச்சிப்போகும்னு இந்த எடத்துல நின்னுதானே அழுதீங்க?"

"ஆமாங்க."

"தங்கச்சி இப்பப் போகாம வீட்டுலதானே இரிக்கி?"

"இருக்கா."

"பழசப் போட்டா எத்தன நாளைக்குத் தாங்கும்? பொறகு தங்கச்சி பெட்டியத் தூக்கத்தான் வேணும்."

"போகட்டுங்க."

சரிபுதீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போதுதான் அவனை நன்றாகப் பார்த்தார். தாடி மண்டிப்போயிருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. வந்தால் கராஜே அதிரக் கதை அளக்கிறவன் இவன். அவனுக்கு வாங்கி வைத்த தேத்தண்ணி பெஞ்சிலேயே ஆறிப்போயிருந்தது. புருஷன் பெண்சாதி தகராறு, வேறென்ன என்று அவர் முடிவு கட்டினார்.

"வீட்டுல சண்டையா தம்பி?"

"பேச்சே இல்லீங்க. சண்டைக்கு எங்க போறது?"

"அதுக்கு எஞ்சின் என்ன செஞ்சிச்சு? அதுல என்னதான் புடிக்கல்ல, செல்லுங்க."

"சத்தம் இல்லீங்க."

சரிபுதீன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சத்தம் போடாத எஞ்சினுக்கு ஆக்கள் தவம் கெடக்காங்க! பழசு கந்தப்பளையில ஸ்டார்ட் பண்ணினா ராகலையில கேக்கும். தொரை வர்றாருன்னு ஊருக்கே தெரியணுமாக்கும்?"

"ஆமாங்க. தெரியணும்."

அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. சரிபுதீனுக்குத் தன் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. கைத் துணியால் இல்லாத கிறீஸைத் துடைத்தார்.

"நான் செல்லித் தந்த மாதிரி ஓட்டுறீங்கதானே? பழச ஒருக்கா நிப்பாட்டினா தள்ளித்தான் ஸ்டார்ட் எடுக்கணும். அதாலயே எந்த எறக்கத்துலயும் நிப்பாட்ட மாட்டீங்க. இது தொட்டாலே ஸ்டார்ட். கோயில் முடக்குல திரும்புறப்பவே எஞ்சின நிப்பாட்டிட்டு, ஒங்க லயத்து வீடுங்க வரைக்கும் சும்மா எறங்குங்க, சொட்டுப் பெற்றோல் செலவில்லன்னு செல்லித் தந்தேனே?"

"அப்பிடித்தான் எறங்கினேன்."

இதற்கு மேல் இவனோடு மல்லுக்கட்ட முடியாது என்று சரிபுதீன் தோற்றுப்போனார். மேசை லாச்சியைத் திறந்து இரண்டு டொஃபியை எடுத்தார். கராஜுக்கு வந்தால் முன் சீட்டில் ஏறி நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டே இருப்பாள் பிரதாப்பின் மகள். அதை நிறுத்துவதற்கு அவர் கொடுக்கும் லஞ்சம் அது.

"சரி, போட்டுத் தாறேன். மனசில்லாமத்தான் தாறேன். இத பாப்பாக்கிட்டக் குடுங்க. அது மொகத்தப் பாத்தாச்சும் ரெண்டு பேரும் பேசிக்கோங்க."

பிரதாப் டொஃபியை வாங்கினான். அப்படியே வண்டியின் முன் டயரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்க லயத்துல சமமான எடம்னு இருக்கிறது அந்த ரோடு ஒண்ணுதான் நானா. புள்ளைங்க அதுலதான் வெளையாடும். பழைய வண்டின்னா கோயில் முடக்குல வர்றப்பவே சத்தம் கேட்டு, பந்தத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடிரும்ங்க."

சரிபுதீனின் கையிலிருந்த துணி அசையாமல் நின்றது.

"அன்னைக்கு அதுங்களுக்குக் கேக்கல. லயத்து மூலையில திரும்புறேன், பாப்பா முதுகக் காட்டிக்கிட்டு நடு ரோட்டுல நிக்குது." அவன் டொஃபியை அவர் காலடியில் வைத்தான். "எம் புள்ளதான் போயிருச்சு, லயத்துல மத்தவங்க புள்ளைங்க இருக்குதுங்க நானா, பழசையே போட்டுக் குடுத்துருங்க."